மசால்ஜி வம்சம்

செங்கல்பட்டு பஜாரில் கயிற்றுக்கடை வைத்திருந்த சௌகத் அலிக்கு எழுபத்து நாலாம் வருஷம் திடீரென்று ஒரு வம்சம் வந்து சேர்ந்தது. அதுவரை அவரிடம் கயிறு மட்டும்தான் இருந்தது.

மனைத் தகராறுக்காகப் பழைய காகிதங்களுக்கு நகல் வாங்கியபோது, நூறு வருஷத்துக்கு முந்தைய கலெக்டர் கச்சேரிச் சிப்பந்திப் பட்டியலில் பூட்டனாரின் பெயர் அகப்பட்டது: ‘மசால்ஜி இமாம் சாயபு’. அர்த்தம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கச்சேரி என்றால் பெரிய உத்தியோகமாகத்தான் இருக்கும் என்று சௌகத் அலி தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மகள் சுராயாவின் நிக்காஹ் பத்திரிகையில் ‘மசால்ஜி வம்சம்’ என்று பூப்போட்ட எழுத்தில் அச்சாகிவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஜெயினுலாபுதீன் மதுராந்தகத்தில் நெல் மண்டி வைத்திருப்பவர். அவருக்கு ஈடாக நம் பக்கமும் ஏதாவது வேண்டாமா?

முதல் பத்திரிகை எதிர் வீட்டு ஆபிரகாமுக்குப் போனது. கலெக்டர் ஆபீஸ் ரிக்கார்டு ரூமில் முப்பது வருஷம் தூசி தட்டி ஓய்வு பெற்றவர்.

“இன்னா பாய், தெரிஞ்சிதான் போட்டுக்கினியா? மசால்ஜின்னா தீவட்டி புடிக்கிறவரு. தொரை பல்லக்குல திருவிடந்தைக்குப் போனா, முன்னாடி பந்தத்த புடிச்சினு ஓடணும்.”

“ஓடணுமா?”

“பின்ன, தொரை மடியில குந்திகினா போவாரு?”

முந்நூறு பத்திரிகை. மறுபடி அச்சடிக்க நாளில்லை. மனைவி ஜெய்புன்னிசா மைப்புட்டியைத் திறந்து, கரிச்சட்டி தேய்க்கிற அழுத்தத்தோடு ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு வார்த்தையை மூடினாள்.

சும்மா விட்டிருந்தால் ஒருத்தரும் படித்திருக்கமாட்டார்கள். மை பூசியதும் ஊரே வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தது. தெரியாத இடத்தை மீன்காரி கன்னியம்மா நிரப்பினாள்: பூட்டன் ஜெயிலுக்குப் போனவனாம். ஊரப்பாக்கத்தில் அது கொலையானது. மதுராந்தகத்தில் இரண்டு கொலை.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்த கையோடு ஜெயினுலாபுதீன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வைத்த சர்பத்தைத் தொடவில்லை, ஜாங்கிரித் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிடாமலே வந்த ஆபிரகாம் கதவோரம் நின்றுகொண்டார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் சுராயா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“மறைக்கிற எடத்துல சம்பந்தம் வெச்சிக்க முடியாது பாய். இன்னா எழுதியிருந்துச்சின்னு சொல்லுங்க. இல்லாட்டி நிக்காஹ் வேணாம்.”

சௌகத் அலி திரையைப் பார்த்தார். பிறகு பஜாருக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

“தீவட்டி! எங்க பூட்டனாரு தொரைக்குத் தீவட்டி புடிச்சாரு! கொலையும் இல்ல, ஜெயிலும் இல்ல. நான்தான் ஏதோ நவாபு கணக்கா நெனச்சிகினு அச்சுப் போட்டுட்டேன்!”

ஜெயினுலாபுதீன் சர்பத்தை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

“அவ்ளோதானா? நல்ல வேலதான, கச்சேரி சம்பளம். இதுக்கா இம்மாம் பேஜாரு?” என்றவர் மெதுவாகக் குரலைத் தாழ்த்தினார். “எங்க பத்திரிகையில ‘பராஷ் குடும்பம்’னு போட்டுக்கீறோம். அதுவும் கச்சேரி உத்தியோகம்தான்…”

ஆபிரகாமின் முகம் மலர்ந்தது. “பராஷா? தொரை குந்தறதுக்கு ஜமக்காளம் விரி…”

அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. ஜெயினுலாபுதீன் முழு ஜாங்கிரி ஒன்றை எடுத்து அவர் வாயில் திணித்துவிட்டு, சௌகத் அலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கெழம நிக்காஹ் சம்பந்தி. வேற பேச்சே வேணாம்.”