கையுறை: இல்லை

தேவதாசனின் வலது கையிலிருந்த கம்பளி உறையைக் கழற்றியவர் இரகுநாதன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சிரிப்புக்கும் கைதட்டலுக்கும் நடுவே கழற்றினார்.

நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கும் தேயிலைத் தொழிற்சாலை அது. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு தொடுதிரையைப் பொருத்தி, தேங்காய் உடைத்து, தோட்ட மனேஜரான பெரிய தொரையும் வந்து நின்ற காலை. இரகுநாதன் அங்கே டீமேக்கர். கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாக வெளியே போவதுவரை எது கெட்டாலும் அவர் தலைதான் உருளும். தேவதாசன் பதினொரு வருடமாக அந்த உலர்த்தியோடு மல்லுக்கட்டுகிறவர். ஆகவே தொரைக்கு முன்னால் திரையைத் தொட்டுக்காட்டும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது.

தொட்டார். திரை கண்டுகொள்ளவில்லை. தூங்குகிற மாட்டைத் தட்டுவதுபோல இரண்டு தட்டுத் தட்டினார். அதற்கும் அசையவில்லை. தொரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரகுநாதனுக்குப் பயம் வந்தால் பகிடி வரும். யாழ்ப்பாணத்தை விட்டுப் பதினாறு வருடமாகியும் விட்டுப்போகாத வியாதி அது.

“என்ன ஐசே, குளிருக்குப் போர்த்துக்கொண்டோ தொடுறீர்? கழட்டும் இதை!”

சொல்லிக்கொண்டே உறையை உருவித் தன் காற்சட்டைப் பைக்குள் செருகினார். “இனி இது மியூசியத்துக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். தொரையும் சிரித்தார். தன் பகிடிக்குத் தொரை பல் தெரியச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்பதால் இரகுநாதனின் கால் அன்று முழுவதும் தரையில் பாவவில்லை. தேவதாசனும் சிரித்துவிட்டு வெறும் விரலால் தொட்டார். திரை உடனே விழித்துக்கொண்டு, சூட்டையும் காற்றையும் பச்சையிலும் சிவப்பிலும் எழுதிக்காட்டியது.

அந்தத் திரையைத் தேர்ந்தெடுத்த கதை இன்னும் அழகு.

கொழும்புக் கம்பனியிலிருந்து ஹுமைத் என்ற பொறியியலாளர் இரண்டு திரைகளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, இரகுநாதனின் அலுவலகமான கந்தோரில், அவர் மேசையில் வைத்தார். ஒன்றின் மேலே பிளாஸ்டிக் தோல். அழுத்தினால்தான் கேட்கும். ஆனால் எதால் அழுத்தினாலும் கேட்கும்: பென்சில், முழங்கை, துணி சுற்றிய கை. பார்வைக்குத்தான் பூ விழுந்த கண்போல மங்கல். மற்றது முழுக் கண்ணாடி. கல்யாணப் புடவை மாதிரி நிறங்கள். பட்டும் படாமலும் தொட்டால் போதும், ஆனால் மனிதத் தோல் பட வேண்டும். இரகுநாதன் இரண்டையும் வெகுநேரம் ஆராய்ந்தார். ஆராய்ச்சி முடிவில் கண்ணாடியை எடுத்தார். அதில் தன் வழுக்கை சற்றுக் குறைவாகத் தெரிந்ததும் ஒரு காரணம் என்பதைப் பிற்பாடு தனக்குத்தானே ஒப்புக்கொண்டார்.

நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றும் இருந்தது. தூசி உண்டா? உண்டு. நீராவி? உண்டு. இயக்குபவர்கள் கையுறை அணிவார்களா? இரகுநாதன் பொறுப்பான மனிதர், வாய்க்கு வந்ததை எழுதமாட்டார். களஞ்சியப் பதிவேட்டை வரவழைத்துப் புரட்டினார். அந்தத் தோட்டத்தில் யாருக்கும், எந்தக் காலத்திலும், ஒரு கையுறைகூட வழங்கப்பட்டதாகப் பதிவில்லை. ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தார்.

“ஒருக்கா உள்ள போய் அவங்கட கையப் பாத்துட்டு வருவமா, சேர்?” என்று ஹுமைத் கேட்டார்.

“பதினாறு வருஷமாப் பாக்கிறன் தம்பி. எல்லாருக்கும் ரெண்டு கைதான்.”

ஹுமைத்தும் சிரித்துவிட்டார். கந்தோர் ஜன்னலுக்கு வெளியே இருபது அடியில் உலர்த்தி. அதன் இரும்புக் கதவைத் திறந்துகொண்டிருந்த கையில் பழுப்புநிறக் கம்பளி உறை. தேவதாசனின் மனைவி றோசாலி மழையில் கொழுந்து எடுக்கும்போது தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளி நைந்துபோனதும், அதை வெட்டித் தைத்துக் கொடுத்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது. இரகுநாதன் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரை வந்து இருபத்துமூன்றாம் நாள் முற்பகல், உலர்த்திக்குள் தேயிலை அடைத்துக்கொண்டது. சூடு ஏறியது, திரை கூவியது. தேவதாசன் ஓடிவந்து வலது விரலால் திரையைத் தொட்டுச் சூட்டுக்காற்றின் வரவைக் குறைத்தார். அடைப்பை எடுக்கக் கதவைத் திறக்க வேண்டும். இடது கையில் உறை இருந்தது. ஆனால் பதினொரு வருடப் பழக்கத்தில் இரும்புப் பிடியை நோக்கி நீண்டது வலது கை. பிடி இறுகியிருந்தது. அவர் விடாமல் இழுத்தார்.

அவருடைய அலறல் கந்தோருக்குக் கேட்டது. இரகுநாதன் ஓடிப்போய்ப் பார்த்தபோது கதவு திறந்திருந்தது. தேவதாசன் தரையில் உட்கார்ந்து, தன் கையை அடுத்தவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். புண் ஆறியது. ஆனால் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையோடு மடங்கி நின்றுவிட்டன. நிமிருமா என்று கேட்டால் டொக்டர் “பாப்பம்” என்பார். ஒவ்வொரு தடவையும் அதே “பாப்பம்”. நிமிர்ந்தால் உலர்த்தி வேலை. நிமிராவிட்டால் என்ன வேலை என்று தோட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இரகுநாதன் பிஸ்கட் பெட்டியும் கையுமாக ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போனார். இடைப்பட்ட நாட்களில், கண்ட ஆளிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டார்: பிழை என்னுடையதா?

“நான்சென்ஸ்” என்றார் தொரை. “படிவத்தின்படி சரியான திரைதான் சேர்” என்றார் ஹுமைத், தொலைபேசியில், கொஞ்சம் தயங்கி. தொழிற்சங்கத் தலைவர், “ஐயா தங்கமானவரு, கம்பனியத்தான் கேக்கணும்” என்றார். தேவதாசனோ கட்டுப்போட்ட கையைத் தூக்கி, “அட விடுங்கய்யா” என்று இவருக்கு ஆறுதல் சொன்னார். ஆக, உலகமே இரகுநாதனை மன்னித்துவிட்டது. அத்தனை மன்னிப்பையும் எங்கே கொண்டுபோய் வைப்பதென்றுதான் தெரியவில்லை. மேசை லாச்சியில் இடமில்லை. அங்கே அந்தக் கம்பளி உறை கிடந்தது.

அவர் சும்மாவும் இருக்கவில்லை. கொழும்போடு சண்டைபிடித்து, கண்ணாடியைக் கழற்றி, அந்த மங்கல் திரையை வரவழைத்தார். தோல் கையுறை ஆறு சோடி வாங்கிப் பதிவேட்டிலும் ஏற்றினார். இதைச் சொல்லத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியான வெயிலில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏறிப்போனார். டீமேக்கர் லயத்துப் பக்கம் வந்ததைப் பார்த்த நாய்கூடக் குரைக்க மறந்துபோனது.

வாசலில் தேவதாசன் இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார். கோவிலுக்குப் போய்வந்த புடவையோடு றோசாலி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“வாங்கய்யா, வாங்க. றோசாலி, ஐயா உக்கார அந்தக் கதிரைய எடு.”

“இருக்கட்டும். தேவதாசன், புது ஸ்கிறீன் வந்திட்டுது. உறையோட அழுத்தலாம், முழங்கையால அழுத்தலாம். மூக்கால அழுத்தினாலும் வேலை செய்யும்.”

தேவதாசன் சிரித்தார். “மூக்கு நல்லாத்தாங்க இருக்கு.”

றோசாலி சிரிக்கவில்லை. “அழுத்துறது சரிங்கய்யா. கதவ எதால தொறக்கிறது?”

இரகுநாதன் வாயைத் திறந்தார். பகிடி எதுவும் வரவில்லை. பையிலிருந்து கம்பளி உறையை எடுத்துக் கதிரையில் வைத்தார். விரல் பக்கம் அங்கங்கே கருகியிருந்தது. அத்தனை நாள் உலர்த்தி தேவதாசனின் கையைச் சுடவந்த சூடெல்லாம் அதில் இருந்தது.

“இது என்னட்டத்தான் கிடந்தது. நான் ஒண்டு கேக்கவேணும். இது கையில இருந்திருந்தா...”

“அட விடுங்கய்யா! எல்லாம் கர்த்தர் சித்தம். ஐயா மேல ஒரு தப்பும் இல்ல.”

“உம்மட்ட நான் கேக்கேல்லை. நீர் ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் சொன்னனீர்.” அவர் றோசாலி பக்கம் திரும்பினார். “தங்கச்சி, நீங்க சொல்லுங்கோ. என்னாலயோ?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் இன்னொரு உறை. அதே கம்பளி, அதே தையல். ஒரு கருகல்கூட இல்லை. பழையதன் பக்கத்தில் அதை வைத்தாள்.

“ஐயா கழட்டுன அன்னிக்கே இத தச்சுட்டேங்க. மறுநாளு போட்டுக்கிட்டுப் போங்கன்னு நீட்டுனேன். தொரை முன்னாடி ஐயா வேணாம்னு கழட்டிட்டாரு, மறுபடி போட்டுக்கிட்டுப் போனா ஐயாவுக்கு மரியாதக் கொறச்சலாப் போயிரும்னாரு இவரு. அந்த ஆணியில மாட்டிட்டுப் போனாரு. இருவத்திமூணு நாளும் அங்கதான் தொங்குச்சு.”

“றோசாலி!” என்றார் தேவதாசன்.

“கேக்குறாருல்ல? சும்மா இருங்க.”

அவள் இரகுநாதனின் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

“ஆமாங்க,” என்றாள். “ஒங்களாலதான்.”