ஊசிக்குப் பயந்தவர்

பிணவறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள் மோகனப்ரியா. நீட்டிய பிறகுதான் இது தன் வேலையின் முதல் படி என்பது உறைத்தது. இறந்தவரின் வீட்டார் பக்கத்தில் உட்கார வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், பத்து நிமிஷம் எதுவும் கேட்கக் கூடாது. அவளே எழுதிவைத்த விதி. புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவள்தான்.

மைசூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவள் தொற்றுநோய் விஞ்ஞானி. சில காய்ச்சல்களில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பின் மேல் பாய்ந்துவிடுகிறது. ஏன் என்று எட்டு வருஷமாகத் தேடுகிறாள். அதற்கு, இறந்தவர்களின் ஈரலிலும் நுரையீரலிலும் ஊசி செலுத்தித் துளி சதை எடுக்க வேண்டும். சம்மதம் கேட்டுப் போன இடங்களில் வாங்காத பேச்சு இல்லை. ஒருவர் செருப்பையே கழற்றிவிட்டார்.

அப்பா சென்னப்பன் நஞ்சன்கூட்டில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். ஆறு நாள் காய்ச்சல். எல்லாப் பரிசோதனையிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. இன்று விடிகாலை போய்விட்டார். காய்ச்சலையே படித்த மகளுக்கு அப்பா எதனால் செத்தார் என்று தெரியாது. துக்கத்தைவிட அந்த வெட்கம்தான் அவளை அதிகமாக அறுத்தது.

மணி ஒன்பதாகிவிட்டது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் அப்பாவிடமிருந்து சதை எடுத்தும் பயனில்லை. கூட வேலை செய்யும் கணேஷ்குமார் ஐஸ் பெட்டியோடு நடையில் நின்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். கொள்ளேகாலில் பஸ் ஏறிவிட்ட பெரியப்பா கந்தசாமி போனில் சொன்னது ஒன்றுதான். தம்பி உடம்பில் ஒரு கீறல் இருக்கக் கூடாது.

அம்மா மாதம்மா தண்ணீரைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மத்தவங்ககிட்டயும் இப்படித்தான் உக்கோந்திருப்பயா கண்ணு?"

மோகனப்ரியா கைப்பையில் மடித்து வைத்திருந்த சம்மதப் படிவத்தை எடுத்தாள். கன்னடத்தில் இருந்தது. அம்மாவுக்குக் கன்னடம் பேசத்தான் வரும். எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டியதை அம்மாவுக்குப் படிக்க நாக்கு எழவில்லை.

"ஊசிதாம்மா. நாலு எடத்துல. அறுக்க மாட்டாங்க."

மாதம்மா பாட்டிலை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாள்.

"அவருக்கு ஊசின்னாலே பயம். பக்கத்துல நீ இருந்துக்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு, பெரியப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விட வேண்டாம் என்றும் சொன்னாள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஊசி போட்டது கணேஷ்குமார். மோகனப்ரியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான்கு இடத்திலும் சின்னச் சின்னப் பிளாஸ்திரியை அவளே ஒட்டினாள். பெட்டி ஆய்வுக்கூடத்துக்குப் போயிற்று. விடை வர வாரங்கள் ஆகும். வராமலும் போகலாம்.

மதியம் மைசூர் அக்ரஹாரம் பகுதியில் இருந்த வாடகை வீட்டு வாசலில் அப்பாவைக் குளிப்பாட்டப் பெஞ்சில் கிடத்தி, மறைப்பாகச் சுற்றி வேட்டி பிடித்தார்கள். என்ன காய்ச்சல் என்று தெரியாததால் தொடுகிறவர்கள் கையுறை போட வேண்டும் என்றாள் அவள். தன் தம்பியைத் தொட உறை எதற்கு என்று கந்தசாமி முறைத்தார். மாதம்மா ஒரு பார்வை பார்த்த பிறகு போட்டுக்கொண்டார். ஒரே மகள் என்பதால் முதல் சொம்புத் தண்ணீரை அவள்தான் ஊற்ற வேண்டும்.

பெரியப்பா சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். விலாவுக்குக் கீழே முதல் பிளாஸ்திரி தெரிந்தது. அவர் கை நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றியவருக்குச் சொன்ன நியாயமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்றையும் சொல்லாமல் சொம்பில் தண்ணீரை மொண்டாள்.

வேட்டி பிடித்திருந்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். கந்தசாமி குனிந்து, தண்ணீர் படாதபடி அந்தப் பிளாஸ்திரியின் மேல் தன் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடினார்.

"மெதுவா ஊத்து, கண்ணு."

அவள் ஊற்றினாள்.