வீரலட்சுமியின் மாமியார் பக்கம்

மட்டாஞ்சேரியில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் ரஜிதா சேச்சி எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். அதோடு மற்ற நர்சுகளின் நிம்மதி போயிற்று. வந்த கையோடு மூன்று பக்கத்தில் ஒரு ஃபாரம் அச்சடித்துவிட்டார். நோயாளி என்ன சாமி கும்பிடுகிறார், எதைத் தின்ன மாட்டார், வீட்டில் யார் சொல் எடுபடும், பரம்பரையில் என்னென்ன நோய் உண்டு என்று சகலத்தையும் கேட்டு எழுத வேண்டும். ஆப்பரேஷனுக்குப் போகிறவர் என்றால் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது.

தமிழ்க்காரர்கள் வந்தால் அந்த ஃபாரம் நர்ஸ் அமுதவள்ளியின் தலையில் விழும். அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் மட்டாஞ்சேரிதான். தமிழில் பேசுவாள், தமிழில் சண்டையும் போடுவாள். எழுதச் சொன்னால் மட்டும் மலையாளம்தான் வரும்.

அன்றைக்கு ஆறாம் கட்டிலில் வீரலட்சுமி. தோப்பும்படி துறைமுகத்துப் பக்கம் இட்லிக்கடை வைத்திருப்பவள். பித்தப்பையில் கல். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆப்பரேஷன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் கலூரைச் சேர்ந்த இருளாயி. அவள் மகன் ரமேஷ்பாபுவுக்கு வீரலட்சுமியின் மகள் பாண்டிச்செல்வியைப் பேசியிருந்தார்கள். நிச்சயத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"வீட்டுல யாருக்காச்சும் சர்க்கரை உண்டாக்கா?" என்று அமுதவள்ளி ஆரம்பித்தாள்.

"இல்ல."

"பிரஷர்?"

"அதெல்லாம் எங்க வம்சத்துக்கே தெரியாது பாப்பா."

"நெஞ்சு வலி?"

"எங்க ஆளுங்க கல்லு மாதிரி. நோவுன்னு ஒருத்தரும் படுத்தது கிடையாது."

அப்படியானால் அவர்கள் எதற்காகத்தான் செத்தார்கள் என்று கேட்க அமுதவள்ளிக்கு நாக்கு அரித்தது. அடக்கிக்கொண்டு அடுத்ததைக் கேட்டாள். "மயக்க ஊசி போட்டு யாருக்காச்சும் கஷ்டம் வந்திருக்கா?"

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த இருளாயியின் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு நார் எடுக்கத் தொடங்கியது.

"அதுவும் இல்ல," என்றாள் வீரலட்சுமி.

அமுதவள்ளிக்கு இது புதிதல்ல. கல்யாணத்துக்குப் பெண் நிற்கிற வீட்டில் நோயே இருக்காது என்பது அவள் தெருவில் எழுதாத சட்டம். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அவளுடைய சித்தி சர்க்கரை மாத்திரையை அரிசிப் பானைக்குள் புதைத்தவள். அன்று ராத்திரிச் சோற்றில் மாத்திரை வெந்து, வீடே தலைசுற்றிப் படுத்தது. மாப்பிள்ளை வீட்டாரும் சாப்பிட்டிருந்தார்கள்.

சிரிப்பு வேறு, ஃபாரம் வேறு. மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் அனில் காலையில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் ஊசியை எடுப்பார். அதில் இல்லை என்று இருந்தால் இல்லைதான். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே வென்டிலேட்டரும் ரிப்பேருக்கு ஆலுவா போயிருந்தது. இவள் மறைக்கிற ஏதோ ஒன்று நாளைக்கு மேசையில் இவள் உயிரைக் கேட்டால் என்ன செய்வது என்று அமுதவள்ளி பயந்தாள்.

"விசிட்டர் நேரம் கழிஞ்சுபோச்சு அத்தை. கீழ போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க," என்று இருளாயியை அனுப்பி வைத்தாள். திரும்பி வந்து, "இப்ப சொல்லுங்கக்கா. உள்ளதைச் சொல்லுங்க," என்றாள்.

வீரலட்சுமி வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்ணை ஓரக்கண்ணால் பார்த்தாள். "அவ கலூர்க்காரி. எங்க ரத்தம் சுத்தம்னு எழுது."

கேட்டால் கிடைக்காது என்று தெரிந்துபோயிற்று. அமுதவள்ளி ஃபாரத்தை மூடினாள். பேனாவை மட்டும் மூடவில்லை. "சரிக்கா, உங்க பக்கம் சுத்தம். வீட்டுக்காரர் பக்கம் எப்படி? மாமியார்லாம் நல்லவங்கதானா?"

வீரலட்சுமியின் முகம் மலர்ந்தது. தலையணையைத் தூக்கி முதுகுக்கு வைத்துக்கொண்டாள்.

"அதைக் கேளு. எங்க மாமியாருக்கு இல்லாத சீக்கு கிடையாது. சர்க்கரை நானூறு. இனிப்பு தின்னாதன்னா, கதவைச் சாத்திக்கிட்டு அல்வா திம்பா. மூத்த கொழுந்தன் நாப்பத்தஞ்சு வயசுல நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டுப் போனான். சின்னவனுக்கு வலிப்பு."

அமுதவள்ளி எழுதிக்கொண்டே இருந்தாள். மாமியாரைத் திட்டக் கிடைத்த சந்தோஷத்தில் வீரலட்சுமி மகள் கல்யாணத்தையே மறந்துவிட்டிருந்தாள்.

"நடிப்புன்னா அப்படி ஒரு நடிப்பு. திருநெல்வேலியில அவளுக்குக் குடல் ஆப்பரேஷன். அறுத்துத் தையல் போட்டாச்சு. அதே நாள் அறுத்த இன்னொருத்தி எந்திரிச்சுக் கஞ்சி குடிச்சிட்டா. இவ மட்டும் கண்ணு முழிக்கல, மூச்சுகூட இழுக்கல. சாயங்காலம் வரை மிஷின் வச்சு ஊதிக்கிட்டுக் கிடந்தாங்க. மருமக கடையைப் போட்டுட்டு ஓடி வரணும்னே செஞ்சா."

பேனா நின்றது.

"அக்கா, உங்க மாமியார் உங்களுக்கு என்ன முறை?"

"என்ன முறை, எங்கப்பாகூடப் பொறந்த அத்தைதான்."

"உங்க அம்மா?"

"அவங்களும் எங்கப்பாவுக்கு மாமன் மக." சொன்ன பிறகுதான் வீரலட்சுமி வாயைப் பொத்தினாள்.

ஃபாரத்தில் தாய் பக்கத்துக்கு ஒரு பத்தி, தந்தை பக்கத்துக்கு ஒரு பத்தி, கணவர் பக்கத்துக்கு ஒரு பத்தி இருந்தன. மூன்றும் ஒரே வீட்டு வாசலில் போய் முட்டின. அச்சடித்த ரஜிதா சேச்சிக்கு அப்படி ஒரு வீடு இருக்கும் என்று தோன்றியிருக்கவில்லை. தாளை எடுத்துக்கொண்டு அமுதவள்ளி ஓடினாள்.

அனில் டாக்டர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். தசையைத் தளர்த்தப் போடும் ஓர் ஊசி மருந்தைக் கரைக்கிற சத்து சிலர் ரத்தத்தில் இருக்காது. மற்றவர்களுக்குச் சில நிமிடத்தில் தெளிவது அவர்களுக்கு மணிக்கணக்கில் தெளியாது, மூச்சும் வராது. சொந்தத்துக்குள்ளேயே கட்டுகிற குடும்பங்களில் இது கூடுதலாகத் தலைகாட்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "அதே ஊசியைத்தான் நாளைக்கு நானும் போட இருந்தேன்," என்றார்.

ஆப்பரேஷனைத் தள்ளி வைத்தார்கள். எறணாகுளத்துக்கு அனுப்பிய ரத்தத்தில் அந்தச் சத்து பேருக்குத்தான் இருந்தது. அடுத்த வாரம் வேறு மருந்தில் ஆப்பரேஷன் நடந்தது. வீரலட்சுமி நேரத்துக்குக் கண் விழித்து, கடையில் மாவு புளித்திருக்குமே என்று கவலைப்பட்டாள். அமுதவள்ளி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் அனில் டாக்டர் சிவப்பு எழுத்தில் ஓர் அட்டை கொடுத்தார். இந்த ஊசி இவருக்கு ஆகாது, ரத்த சொந்தங்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. அமுதவள்ளி அதை மறைத்துத்தான் கொண்டுபோனாள். இருளாயியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"அது என்ன அட்டை மதினி?"

வீரலட்சுமி அதை வாங்கித் தலையணைக்கு அடியில் தள்ளினாள். நிச்சயத்துக்கு இப்போது இரண்டு வாரம்தான் இருந்தது. "அது ஒண்ணுமில்ல மதினி. எங்க மாமியார் வீட்டுச் சீக்கு."

"உன் மாமியார் உனக்கு அத்தைதானே," என்றாள் இருளாயி நிதானமாக. "அவங்க திருநெல்வேலியில மூச்சில்லாமக் கிடந்தது எனக்குக் கார்த்திகையிலயே தெரியும். ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்காமலா பொண்ணு கேட்டு வந்தேன்? எந்த வீட்டுல சீக்கில்ல?"

அமுதவள்ளிக்கு ஆரஞ்சில் நின்ற விரல் ஞாபகம் வந்தது.

"தெரிஞ்சுதான் அன்னைக்கு வாயை மூடிட்டு இருந்தீங்களா அத்தை? இவங்க செத்திருப்பாங்க."

இருளாயி முந்தானையைத் திருகினாள். முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது. "விசாரிச்சது தெரிஞ்சா மதினி கோவிச்சுக்குமேன்னு இருந்துட்டேன். உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது."

அமுதவள்ளி மேசையிலிருந்து ஒரு புது ஃபாரத்தை எடுத்து, மேலே இருளாயி என்று எழுதி, கட்டிலில் கிடந்த வீரலட்சுமியிடம் திரும்பினாள்.

"நீங்க கலூர்ல விசாரிச்சீங்களாக்கா?"

"பின்ன விசாரிக்காம?" வீரலட்சுமி டிரிப்ஸ் ஏறும் கையை வயிற்றின் மேல் வசதியாக வைத்துக்கொண்டாள். "எழுது பாப்பா. மதினி வீட்டுக்காரருக்கு ரெண்டு வருஷமா கிட்னிக்கு மாத்திரை. கேட்டா வாயு மாத்திரைம்பாங்க. வீட்டுக்காரர் மதினிக்குச் சொந்தத் தாய்மாமன்."

இருளாயி விருட்டென்று எழுந்தாள். வாசல் வரைக்கும் போனாள். அங்கேயே நின்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு திரும்பி வந்து, ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுதுறதுதான் எழுதுற, என் மாமியாரையும் விடாம எழுது," என்றாள்.