நாலாவது டிராக்

கிடங்கில் மூட்டை இறக்குகிறவனுக்கு கம்ப்யூட்டர் எதுக்கு என்று கேட்காத ஆள் இல்லை. ரிப்பேர் கடைக்காரன் மட்டும் கேட்கவில்லை. யாரோ தூக்கிப் போட்ட லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தக் கிழத்துல விண்டோஸ் ஏத்தினா மூச்சு வாங்கியே போய்ச் சேர்ந்துடும். லினக்ஸ் போட்டுத் தரேன். பாட்டு பதியற சாமானும் அதுக்குள்ள சும்மாவே கிடைக்கும். ஆனா புது மாப்பிள்ளை மாதிரி முறுக்கிக்கும், பாத்துக்கோ" என்றான்.

முறுக்கத்தான் செய்தது. மைக்கைச் செருகினால் போதும் என்று அவன் ஒரு சாயங்காலம் முழுக்கக் கீபோர்டு வாசித்தான். போட்டுக் கேட்டால் பொட்டுச் சத்தமில்லை. மைக்கிலிருந்து, சத்தம் பதிகிற டிராக்குக்குத் திரைக்குள்ளேயும் ஒரு ஒயரை இழுத்து மாட்ட வேண்டுமாம். மாட்டினான். அடுத்து, கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி படபடவென்று ஒரே பொரிச்சல். கடைக்காரனிடம் ஓடினான்.

"பதியும்போது நெட்டை அணைச்சுடு. போனையும் அணைச்சுத் தள்ளி வை."

போனே வராதவனுக்கு அதை அணைப்பதில் என்ன வந்தது! அணைத்தான். பொரிச்சல் நின்றது. அறைதான் இன்னும் கொஞ்சம் காலியானது.

இத்தனை பாடும் மகளுக்காக. அவள் தன் அம்மாவோடும், அம்மா மறுபடி கட்டிக்கொண்டவரோடும் இருக்கிறாள். காலேஜ் விழாவில் அவன் போட்ட மெட்டு ஒன்றைப் பாடப்போகிறாளாம். வாத்தியம் மட்டும் வாசித்து அனுப்புங்கப்பா என்று கேட்டிருந்தாள். கேட்டதிலிருந்து அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நானும் வரட்டுமா கண்ணு? கடைசி வரிசையில உக்காந்துக்கறேன்" என்றதற்கு, "பாக்கலாம்ப்பா" என்றாள். அது எந்த வகைப் 'பாக்கலாம்' என்று அவனுக்குத் தெரியாதா?

அவன் கீபோர்டில் ஒயர் செருகத் துளை கிடையாது. அதன் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை நிறுத்தி இரண்டு டிராக் வாசித்தான். வாளியைக் கவிழ்த்துத் தாளம் தட்டியது மூன்றாவது. நாலாவதில் பாட்டைத் தானே பாடினான், அவள் எங்கே எடுக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ள. அனுப்புமுன் அதை எடுத்துவிட வேண்டும். மனம் வரவில்லை. சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, சரணத்துக்குக் கீழே ஒரு முனகலாக விட்டுவைத்தான். ஆள் போகாவிட்டால் என்ன, குரலாவது அவள் பக்கத்தில் நிற்கட்டும்.

மறுநாள் கிடங்கில் சாப்பிட உட்கார்ந்தபோது அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, கலக்கிட்டீங்க! ஆனா சரணத்துல யாரோ பின்னாடி முனகறாங்க."

"யாரோ இல்ல, நான்தான். உனக்குத் துணைக்கு."

"அம்மா கேட்டவுடனே கண்டுபிடிச்சுட்டாங்கப்பா. அன்னிக்கு அம்மாவோட அவரும் முன்வரிசையில இருப்பாரு. சங்கடமாயிடும். குரலை மட்டும் எடுத்துடுங்களேன்."

"அப்போ நான் வர்றது?"

"அப்பா..."

"சரி, சரி. எடுத்துடறேன். ஒரு பட்டனைத் தட்டற வேலைதானே."

"கோவமா?"

"இடுப்பு வலிக்கே நேரம் பத்தலை, இதுல கோவம் வேறயா? போ, போய்ப் பாடிப் பழகு."

அறைக்கு வந்ததும் நாலாவது டிராக்கின் பட்டனைத் தட்டினான். திரையில் அலை ஓடியது; குரல் இல்லை. ஆனால் சரணம் பல் விழுந்த வாய் மாதிரி பொக்கையாக நின்றது. முனகல் கேட்கட்டும் என்று அங்கே இருந்த கீபோர்டை அவனே அழித்திருந்தான். இப்படியே அனுப்பினால் பிள்ளை மேடையில் பிடிமானம் இல்லாமல் தடுமாறும்.

ஐந்தாவது டிராக்கைத் திறந்தான். குரல் போன வழியிலேயே விரல்களைப் போகவிட்டான். போட்டுக் கேட்டால், கீபோர்டோடு ஒட்டிக்கொண்டு அவன் முனகலும் வருகிறது. வாய் சும்மா இருந்தால்தானே! அழித்தான். பல்லைக் கடித்து, உதட்டை இறுக்கிக்கொண்டு, சரணத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தான்.