விற்ற அலை

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆட்களை எல்லோரும் பார்த்திருப்போம். கிள்ளுப்பட்ட பிள்ளையையே மன்னிப்புக் கேட்கவைத்து, ‘பரவாயில்லை’ என்று பெரிய மனது பண்ணிவிட்டு வந்த ஆள் அபூர்வம். ஒல்லி அந்த ரகம்.

அலைச்சறுக்கு அவனுக்குத் தொழில். பதினான்கு வருடம் உலகப் போட்டிச் சுற்றில் இருந்தான். வருடத்தில் பாதி நாள் விமான நிலையங்களில் சறுக்குப் பலகைகள் அடுக்கிய ஆள் உயரப் பையை இழுத்துக்கொண்டு, அதன் எடையைப் பற்றிச் சண்டை போட்டபடியே கழிந்தது. குளிர்ந்த தண்ணீரும் காற்றும் பட்டுப்பட்டுக் காதுக்குள் எலும்பு வளர்ந்து, இரண்டு முறை குடைந்தெடுத்தார்கள். சாப்பாட்டு மேசையில் குனிந்தால் காலையில் குடித்த கடல் மூக்கு வழியாகக் கொட்டும். ஒரு வருடம் உலகத்தில் ஐந்தாவது இடம். முப்பத்தெட்டு வயதில், போதும் என்று முடிவெடுத்துவிட்டான். நாளை மாலை சங்கத்தில் பாராட்டு விழா. இன்று மதியம் மச்சானின் பட்டறைக்கு வந்திருந்தான்.

மச்சான் என்றால் அக்காவின் கணவன். அதற்கு முன்பே கூட்டாளி. பத்து வயதிலிருந்து ஒருவரையொருவர் சும்மா மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அது நிஜமாகிவிட்டது. அக்கா பிசியோதெரபிஸ்ட். மச்சானின் முழங்காலை ஒரு வருடம் மடக்கி நீட்டி, கடைசியில் ஆளையே கட்டிக்கொண்டாள். ‘கால் போகாம இருந்தா இந்தக் கல்யாணமே நடந்திருக்காது’ என்று ஒல்லி பல இரவுகள் தனக்குத்தானே சமாதானம் சொல்லியிருக்கிறான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவன் நெஞ்சு குறுகுறுப்பதோடு நிற்காமல் வக்கீல் வேலையும் பார்த்தது.

நடந்தது இதுதான். உலகச் சுற்றுக்கு ஒரே ஓர் இடம். அதற்கான இறுதிப் போட்டியில் இவர்கள் இருவர். தண்ணீரில் எப்போதும் ஒருவனிடம் முதல் உரிமை இருக்கும். அவன் விரும்பிய அலையை எடுக்கலாம், மற்றவன் குறுக்கே வரக்கூடாது. ஒன்றை எடுத்துவிட்டால் உரிமை அடுத்தவனுக்குப் போய்விடும். கடைசி நான்கு நிமிடம். உரிமை மச்சானிடம், முன்னிலையும் மச்சானிடம். ஒல்லிக்கு ஒரு நல்ல அலை வேண்டும். அதை மச்சான் விடப்போவதில்லை.

அலைகள் கூட்டமாக வந்தன. முதல் அலை கோணல். ஓடுவதற்குச் சுவரே விடாமல், ஒரேயடியாகப் பாறைமேல் மூடிக்கொள்ளப் போகிறது என்பது ஒல்லிக்குத் தெரிந்தது. பின்னாலிருந்த இரண்டாவது அலை தங்கம். அவன் பலகையைத் திருப்பி, அந்தக் கோணல் அலைக்காக உயிரைக் கொடுத்துத் துடுப்புப் போடுவதுபோலக் கைகளை வீசினான். நல்ல அலைபோல நடித்து எதிராளியை எடுக்கவைத்து, அவன் உரிமையைக் கழிப்பது. தொழிலில் இதற்கு அலையை விற்பது என்று பெயர். எல்லோரும் விற்பார்கள், விதியில் குற்றமில்லை. ஆனால் அடியில் ஒரு முழம் தண்ணீர் மட்டும் இருக்கும்போது யாரும் கூட்டாளிக்கு விற்கமாட்டார்கள்.

மச்சான் வாங்கினான். அலை மூடியது. ஒல்லி கடைசி நொடியில் பின்வாங்கித் திரும்பியபோது மச்சானின் பலகை தண்ணீரில் செங்குத்தாக நட்டுக்கொண்டு நின்றது. அப்படி நின்றால், காலில் கட்டிய கயிறு இறுகி ஆள் அடியில் மாட்டியிருக்கிறான் என்று அர்த்தம். கற்றுக்குட்டிக்கும் தெரியும். ஒல்லி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு இரண்டாவது அலையை எடுத்தான்.

உலகச் சுற்றின் இடம் ஒல்லிக்குக் கிடைத்தது. மீட்புப் படகு மச்சானை எடுத்தது. முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒல்லி எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் போனான். அவன் வாயைத் திறப்பதற்குள் மச்சான் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மன்னிச்சிடுடா. அந்த அலை எனக்கு வேணும்னுகூட இல்ல. உனக்குக் கிடைக்கக்கூடாதுன்னு போனேன். வயித்தெரிச்சல். அதுக்குத்தான் இது.”

திருடனுக்குத் தேள் கொட்டியது போலிருந்தது ஒல்லிக்கு. “பரவாயில்ல மச்சான்,” என்றான். அந்த ஒரு வார்த்தையில் பதினான்கு வருடம் ஓடிவிட்டது.

பட்டறையில் மேலே விளக்கு கிடையாது. இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்பு உயரத்தில் நீள விளக்குகள். வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுந்தால்தான் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். மச்சான் வெள்ளை ஃபோம் கட்டையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். தலை, புருவம், மாஸ்க் எல்லாம் வெள்ளைத் தூள். ஒல்லி உலகமெல்லாம் ஓட்டிய பலகைகள் அத்தனையும் இந்த மேசையில்தான் பிறந்தன. ஒவ்வொன்றையும் கையில் வாங்கும்போது அவனுடைய எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகும்.

“நாளைக்கு என்னையும் பேசச் சொல்லியிருக்காங்கடா,” என்றான் மச்சான், மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு. “அந்த அலையைப் பத்திப் பேசப்போறேன்.”

“எந்த அலை?” என்றான் ஒல்லி, தெரியாதவன்போல.

“நான் பிடுங்கின அலைதான். பொறாமையில போனேன், கடல் ஒரு போடு போட்டுச்சு. ஆனா என் மச்சினன் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை குத்திக்காட்டினதில்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். இவ்வளவு நாள் மனசுல கிடந்து அரிக்குது.”

ஒல்லி நினைத்துப் பார்த்தான். இவன் நாளை இருநூறு பேர் முன்னால் தன்னைத்தானே அசிங்கப்படுத்திக்கொள்ளப் போகிறான். தான் மாலையோடு உட்கார்ந்து அதைக் கேட்கவேண்டும், கைதட்டக்கூட வேண்டியிருக்கும். இத்தனை நாள் சும்மா இருந்தது போதாதென்று, நாளைக்கும் சும்மா இருந்தால் அவன் மனுஷனே இல்லை.

“பேசாதே மச்சான்.”

“ஏன்?”

“அந்த அலையை நான் வித்தேன்.”

மச்சானின் கை நின்றது. ஒல்லி நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரியும். அலை கோணல் என்று தெரிந்தது, பின்னால் நல்லது வந்தது, தண்ணீர் குறைவு என்பதும் தெரிந்தது, எல்லாவற்றையும் கொட்டினான். “உன் பலகை நட்டுக்கிட்டு நின்னதையும் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்,” என்று முடித்தான். அதுதான் மிகவும் கேவலமான பகுதி என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தான்.

மச்சான் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

“அப்போ அது மூடப்போற அலைன்னு உனக்கும் தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“எனக்கும் அப்படித்தான்டா பட்டுது.” மச்சான் மேசையைப் பிடித்துக்கொண்டான். “பாத்தவுடனே, இது வேலைக்காகாதுன்னு தோணுச்சு. ஆனா நீ அந்தத் துடி துடிச்சே. என்னைவிட உனக்குக் கண்ணு கூர்மைன்னு நினைச்சேன். நான்தான் தப்பாப் பாக்குறேன்னு நினைச்சேன். மூடினப்புறமும், அது நல்ல அலைதான், நான்தான் தப்பா இறங்கிக் கெடுத்துட்டேன்னு நினைச்சேன்.”

“கால்…”

“காலுக்கு என்ன? பதினோரு மாசத்துல சரியாயிடுச்சு. உங்கக்கா வேலை, சும்மாவா?” மச்சான் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. “திரும்ப இறங்கினேன். யாருக்கும் சொல்லல. மூணு வாரம் போனேன். அலை வரும், நல்லதுன்னு தோணும். ‘அன்னிக்கும் தப்பாத்தானே பாத்தே, உனக்கு என்ன தெரியும்’னு உள்ள ஒரு குரல் கேக்கும். விட்டுடுவேன். அடுத்ததையும் விட்டுடுவேன். சும்மா மிதந்துட்டுத் திரும்பி வருவேன். அப்புறம்தான், கால் ஒத்துழைக்கலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.”

ஒல்லி முழங்காலைத்தான் சுமந்துகொண்டிருந்தான். இதைப் பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியாது. ஊர்க் கடலில் ஒருத்தன் மூன்று வாரம் தன் கண்ணையே நம்பாமல் உட்கார்ந்திருந்தபோது, அவன் ஏதோ ஓர் ஊரில் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பான்.

“ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமேடா,” என்றான் மச்சான். குரலில் கோபம்கூட இல்லை. “எழுந்து ரெண்டு அறை விட்டிருப்பேன். அப்புறம் கால் சரியானதும் வந்து உன்னைத் தோக்கடிச்சிருப்பேன்.”

தோற்கடித்திருப்பான் என்பது ஒல்லிக்கு எப்போதுமே தெரியும். ஒருவேளை அன்றைக்கு அதனால்தான் வாய் வரவில்லையோ என்று இப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது. தோன்றியதும் கண்ணில் தண்ணீர் முட்டியது.

“மச்சான், என்னை…”

“கேக்காதே.” மச்சான் கையை உயர்த்தினான். உள்ளங்கையெல்லாம் வெள்ளைத் தூள். “மன்னிப்பு மட்டும் கேக்காதே. கேட்டா குடுத்துடுவேன், எனக்கு என்னைத் தெரியும். குடுக்க எனக்கு இஷ்டமில்ல.”