கிடைக்காத ரெசிஸ்டர்

மகன் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. கிடார் வாசிக்கும்போது அதிலிருந்து புகை வந்ததாம். "சரியானதும் வந்து எடுத்துக்கறேம்மா" என்றான்.

டிவி, ரேடியோ, மிக்ஸி என்று எதைக் கொடுத்தாலும் வீட்டிலேயே உட்கார்ந்து ஒரே மூச்சில் பழுது பார்த்துவிடுகிறவள் அவன் அம்மா. இதையும் திறந்த உடனேயே கண்டுபிடித்துவிட்டாள். பல்பு மாதிரி இருக்கிற கண்ணாடி வால்வு ஒன்று கெட்டு, பக்கத்து ரெசிஸ்டரையும் கருக்கியிருந்தது. மாற்றிப் போட இரண்டுமே மேஜை டிராயரில் இருந்தன. ஆனால் போட்டுவிட்டால் அவன் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் எதற்குப் போன் செய்யப் போகிறான்?

"ரெசிஸ்டர் கெடச்சுதாம்மா?" என்று வாராவாரம் கேட்பான்.

"எங்கடா கெடைக்குது! எல்லாக் கடையிலயும் கையை விரிக்கிறான்."

எந்தக் கடையிலும் அள்ளிக் கொடுக்கிற சாமான் அது. பாவம், நம்பினான். கேட்ட கையோடு சாப்பிட்டாயா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றும் விசாரிப்பான். அந்தப் பேச்சை வைத்து அவள் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவாள்.

இந்த வாரம் போன் வரவில்லை. இனியும் இழுத்தால் மறந்தேவிடுவான் என்று தோன்றியது அவளுக்கு. வேலையில் உட்கார்ந்துவிட்டாள்.

ப்ளக்கைப் பிடுங்கினாலும் கெபாசிட்டருக்குள் ஷாக் ஒளிந்திருக்கும். முதலில் அதை இறக்கினாள். கருகியதை எடுத்துவிட்டு, புதியதன் சூடு போர்டைத் தாக்காதபடி சற்றுத் தூக்கிப் பற்றவைத்தாள். வால்வையும் மாற்றினாள். ஸ்விட்சைப் போட்டதும் வால்வுகள் மெல்லச் சிவந்தன. உடனே போனை எடுத்தாள்.

"டேய், கெடச்சுடுச்சுடா! எல்லாம் ரெடி. ஞாயித்துக்கெழம வர்றியா?"

"ஐயோ, போன வாரமே புதுசு வாங்கிட்டேனேம்மா. சொல்ல மறந்துட்டேன். அதை யாருக்காவது குடுத்துடு. வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்."

அப்புறம் என்றால் எப்போது என்று அவள் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டான். தன் மேலேயே எரிச்சல் வந்தது, அழுகையும் வந்தது. முதல் வாரமே முடித்திருந்தால் ஒரு தடவையாவது வந்திருப்பான்.

ஆனாலும் வேலையை அரைகுறையாக விட அவளால் ஆகாது. சோதித்துப் பார்க்கக் கிடார் இல்லை. ஒயரைச் செருகி, அதன் மறுமுனையை விரலால் தொட்டாள். மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வதுதான். ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று வீடு முழுக்க இரைந்தது. நன்றாகத்தான் வேலை செய்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை.

யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுக்காரி.

"என்னக்கா, பையன் வந்திருக்கானா? கொழந்தை தூங்குது, அதான்..."

"ஆமா" என்றாள், கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி. "சத்தத்தக் கொறைக்கச் சொல்றேன்."