தையலக்கா சொன்ன வேண்டாம்

அந்தத் தெருவில் யாரும் எதையும் முதல் தடவை கேட்டதும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். உட்காரச் சொன்னால், "இருக்கட்டும், நிக்கிறேன்." காபி தரட்டுமா என்றால், "இப்பத்தான் குடிச்சேன்." வீட்டில் பால் திரிந்துபோய்க் காலையிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகாதவர்களும் இதைத்தான் சொல்வார்கள். இரண்டாம் தடவை வற்புறுத்தினால், "உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" மூன்றாம் தடவைதான், ஏதோ உங்கள் மனசு நோகக் கூடாதே என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு டம்ளரை வாங்குவார்கள். வாங்கிய பிறகு சர்க்கரை போதாது என்றும் சொல்வார்கள். அது வேறு விஷயம்.

ஒரே தடவையில் வாங்கிக்கொண்டவர்களைத் தெரு மறப்பதில்லை. மழை நாளில் மாடி வீட்டுக்குக் குடிவந்த ஒருத்தி, குடை வேணுமா என்று கேட்ட உடனே "குடுங்க" என்று கை நீட்டிவிட்டாள். குடையை மறுநாளே திருப்பிக் கொடுத்தாள், துடைத்து மடித்துக்கூடக் கொடுத்தாள். என்ன பிரயோஜனம்? இன்றைக்கும் அவளுக்குப் பறக்காவெட்டி என்றுதான் பெயர்.

இப்படிப்பட்ட தெருவுக்குத்தான் மாநகராட்சி கருத்துக் கேட்க ஆள் அனுப்பியது.

தெருவின் ஒரு பக்கம் முழுக்கப் பழைய பஸ் டிப்போ. மாநகராட்சிக்குச் சொந்தமான பெரிய இடம். பஸ்களெல்லாம் புறவழிச்சாலைப் பக்கம் புது டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இங்கே மிச்சம் ஒரு தகரக் கொட்டகை, தரையெல்லாம் எண்ணெய்க் கறை, இடுப்பளவு புல். அதில் வீடுகள், சின்னதாய் ஒரு ஆஸ்பத்திரி, பூங்கா, கீழ்த்தளத்தில் கொஞ்சம் கடைகள் என்று கட்டப் போகிறார்கள். மக்களைக் கேட்டுத்தான் கட்டுவோம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். கடைகள் இந்தத் தெருக்காரர்களுக்குத்தான் முதலில், கேட்கிறவர்களுக்குக் கிடைக்கும் என்றும் அதே மைக் சொன்னது.

இதைக் கேட்டு அதிகம் காதைத் தீட்டிக்கொண்டவள் தையலக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். மருந்துக்கடைக்காரருக்கு அவளுக்கு அண்ணனாகும் வயது, அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் கடைக்கு மூன்று பக்கம் தகரம், முதுகுப் பக்கம் டிப்போ மதில். கத்தரிக்கோல் மாட்டுகிற ஆணி, நூல்கண்டுப் பலகை, தைத்து வைத்த ரவிக்கைகள் தொங்கும் கொடி, எல்லாம் அந்த மதிலில்தான். வேலை தொடங்கினால் முதலில் இடிக்கப்போவதும் அந்த மதிலைத்தான். மதில் போனால் கடை போச்சு. வேறு கடை பிடிக்கலாமென்றால் பெரிய தெருவில் கேட்கிற வாடகைக்கு அவள் தன்னையே துணியோடு சேர்த்து விற்க வேண்டும். வீட்டிலோ, மிஷினை வைத்தால் கதவு திறக்காது. ஆக, புதுக் கட்டடத்தில் ஒரு கடை கிடைத்தால் பிழைப்பு உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

திட்டக்காரப் பெண் வீடு வீடாக வந்தாள். நல்ல பெண். வெயிலில் முகம் சிவந்து, கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். கடை வாசலில் நின்று விவரமெல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டாள்: "கீழ்த்தளத்துல உங்களுக்கு ஒரு கடை வேணுமாக்கா?"

தையலக்கா தவம் கிடந்தது இந்தக் கேள்விக்குத்தான். வாய் மட்டும் பழக்கப்படி போயிற்று.

"எனக்கு எதுக்கும்மா கடையெல்லாம்? ஏதோ இப்படியே ஓட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டுக் குனிந்து ஊசியில் நூல் கோக்கிற மாதிரி பாவனை செய்தாள். ஊசியில் ஏற்கனவே நூல் இருந்தது. இரண்டாம் தடவைக்காகக் காத்திருந்தாள்.

"சரிங்கக்கா," என்றாள் அந்தப் பெண். டேப்லெட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வருவாள் என்று நினைத்தாள் தையலக்கா. அன்றைக்குச் சாயங்காலம் கடையைச் சாத்தாமல், வேலை இருக்கிற மாதிரி ஒரே ஓரத்தைத் தைத்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தெரு முனையில் அட்டை கட்டிய கழுத்து எதுவும் தெரியவில்லை.

அடுத்த வாரம் டிப்போ வாசலில் பெரிய படம் மாட்டினார்கள். வீடுகள் இருந்தன, ஆஸ்பத்திரி இருந்தது, பூங்காவில் பச்சை மையில் மரங்கள்கூட இருந்தன. கடை ஒன்றுகூட இல்லை. கீழ்த்தளம் முழுக்க சைக்கிள் ஸ்டாண்ட்.

செய்தியைக் கொண்டுவந்தது நாத்தனார். பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். கெட்ட செய்தி என்றால் செருப்புக்கூடப் போடாமல் வருவாள்.

"என்ன அண்ணி, கடை வேண்டாம்னு சொல்லிட்டீங்களாமே?"

"யாருடி சொன்னது?"

"படம் சொல்லுது. உங்க மிஷின் இருக்கிற இடத்துல ரெண்டு சைக்கிள் நிக்குது."

"அவ ஒரு தடவைதாண்டி கேட்டா!"

"ஒரு தடவையா?" நாத்தனார் மோவாயில் கை வைத்தாள். "என்ன வளர்ப்போ!"

தையலக்கா நேராக மருந்துக்கடைக்குப் போனாள். மருந்துக்கடைக்காரர் சுவரைப் பார்த்தபடி மாத்திரை அட்டைகளைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்களுமா அண்ணே?"

"இருக்கிற கடையே எனக்குப் பெரிசும்மான்னு சொன்னேன்," என்றார் அவர், குரலை இறக்கி. "அது உடனே சரின்னு எழுதிக்கிட்டுப் போயிருச்சு. இந்தக் கட்டடத்தை ஓனர் விக்கப் போறாரு. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்?"

தெருவில் கடை வேண்டும் என்று உள்ளுக்குள் தவித்த அத்தனை பேரும் இதையேதான் செய்திருந்தார்கள். தையலக்காவின் வேண்டாமாவது அடக்கமானது. சலூன்காரர், "எனக்கு வேண்டாம், ஏழைங்க யாருக்காவது குடுங்க" என்றுவேறு சொல்லியிருந்தார்.

இனி யார் வாய்விட்டுக் கேட்பது? பறக்காவெட்டிப் பட்டத்துக்கு யார் கழுத்தை நீட்டுவது? மருந்துக்கடைக்காரர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். தனக்கென்று கேட்டால்தானே கேவலம், அடுத்தவருக்குக் கேட்டால் அது பெருந்தன்மை. ஞாயிற்றுக்கிழமை டிப்போவில் மாநகராட்சி வைத்திருந்த கூட்டத்தில் அவளுக்காக அவர் எழுந்து கேட்பார், அவருக்காக அவள் கேட்பாள்.

"ரெண்டு வார்த்தை போதும் அண்ணே," என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு வந்தாள். இருமல் மருந்து வாங்கப் போனவனுக்கு நுரையீரலின் கதையையே சொல்கிற மனுஷர் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்போ கொட்டகை நிரம்பிவிட்டது. பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை பார்ப்பதற்காக வெட்டிய பள்ளங்களைப் பலகை போட்டு மூடி, மேலே பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். யார் அசைந்தாலும் பலகை ஊரைக் கூட்டியது. முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் விரித்த படம், பக்கத்தில் திட்டக்காரப் பெண்.

"இன்னைக்குதான் கடைசிக் கூட்டம்," என்றாள் மைக்கில். "நாளைக்குப் படம் மாநகராட்சி மன்றத்துக்குப் போகுது. அங்க பாஸாயிட்டா மாத்த முடியாது. சொல்றதை இப்பவே சொல்லிடுங்க."

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் எனக்காகப் பேசல. நம்ம தையலக்காவுக்காகப் பேசறேன். மதில் போனா அவங்க கடை போச்சு, அவங்களுக்கு ஒரு கடை குடுக்கணும்."

இதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"பாவம், அவங்க உடம்பும் முன்ன மாதிரி இல்ல. கண்ணுல புரை விழுந்திருக்கு. வாரா வாரம் என்கிட்டதான் சொட்டு மருந்து வாங்கறாங்க. ஊசியில நூல் கோக்கறதே சிரமம். கை வேற நடுங்குது..."

பலகைகள் சத்தம் போட்டன. கூட்டத்தில் பாதிப் பேர் ரவிக்கை அளவு கொடுத்துவிட்டு வந்தவர்கள். முன்வரிசையில் ஒருத்தி தன் கைப்பகுதித் தையலைத் தூக்கிப் பார்த்தாள்.

"சொட்டு மருந்து தூசிக்குடி," என்று பக்கத்தில் இருந்த நாத்தனாரிடம் தையலக்கா பல்லைக் கடித்தாள். "புரையாம்! இவரு நாக்குலதான் புரை."

"கம்முனு இருங்க அண்ணி. பரிதாபம் வந்தாத்தான் கடை வரும்," என்றாள் நாத்தனார்.

திட்டக்காரப் பெண் முழுசாகக் கேட்டாள். "உங்க அக்கறை புரியுது சார். ஆனா அக்காகிட்ட நான் நேர்லயே கேட்டேன். வேண்டாம்னாங்க. ஒருத்தர் வேண்டாம்னு சொன்னதை இன்னொருத்தர் பேச்சை வெச்சு நான் மாத்த முடியாது. அக்கா இங்கதானே இருக்காங்க? அவங்களையே கேட்டுருவோம்."

மைக் கை மாறிக் கை மாறித் தையலக்காவிடம் வந்துவிட்டது.

"அக்கா, கடை வேணுமா?"

ஒரே சொல். இரண்டு நாளாக மிஷின் ஓடும்போதெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள்ளே போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அத்தனை முகமும் திரும்பி அவளைப் பார்த்தன. பறக்காவெட்டி மூன்றாவது வரிசையில் இருந்தாள், அவளும் பார்த்தாள்.

"எனக்கு எதுக்கும்மா..." என்றது தையலக்காவின் வாய். தகரக் கூரை அதை இன்னொரு தடவை சொல்லிக் காட்டியது.

"பார்த்தீங்களா சார்?" என்று திட்டக்காரப் பெண் டேப்லெட்டைப் பார்த்துக் குனிந்தாள்.

"போச்சு," என்றாள் நாத்தனார்.

மைக்கை வாங்கிப்போகக் கை நீட்டினார்கள். தையலக்கா விடவில்லை.

"இன்னொரு தடவை கேளும்மா."

"என்னக்கா?"

"கேட்டதையே கேளு."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் கேட்டாள், நிறுத்தி, நிதானமாக. "அக்கா. உங்களுக்குக் கடை வேணுமா?"

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?"

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தது. தெருவில் எல்லாருக்கும் கணக்குத் தெரியும். இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மருந்துக்கடைக்காரர் ஒற்றை விரலைத் தூக்கி, கேளும்மா, கேளு, என்று சாடை காட்டினார். சலூன்காரர் இரண்டு கையாலும் காட்டினார்.

திட்டக்காரப் பெண் தலையை ஆட்டினாள். "இல்லைங்க. ரெண்டு தடவை கேட்டாச்சு, ரெண்டு தடவையும் மறுத்துட்டாங்க. இனியும் கேட்டா நான் அவங்களைக் கட்டாயப்படுத்தற மாதிரி ஆயிடும். அது எங்களுக்குக் கூடாது. அடுத்தது யாரு?"

தையலக்கா மைக்கை விடாமல் மேஜையைப் பார்த்தாள். இருபது அடி தூரத்தில், மேஜைமேல், அவள் மிஷின் இருக்கவேண்டிய இடத்தில் சைக்கிள்கள் நின்றுகொண்டிருந்தன. அந்தப் பெண்ணின் விரல் படத்தின் அடுத்த மூலைக்கு நகர்ந்தது.

"வேணும்," என்றாள் தையலக்கா.

மைக் இருப்பதை மறந்து கத்திவிட்டாள். வெளியே புல்லில் மேய்ந்த புறாக்கள் எழுந்து போயின.

"யாரும் கேக்கல. நானே சொல்றேன். எனக்குக் கடை வேணும். அன்னைக்கே வேணும். கண்ணும் நல்லாத்தான் இருக்கு, கையும் நல்லாத்தான் இருக்கு. சந்தேகம் இருக்கறவங்க இப்பவே ஊசி கொண்டுவாங்க, கோத்துக் காட்டறேன்."

யாரும் ஊசி கொண்டுவரவில்லை. நாத்தனார் தன் நாற்காலியை ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டாள், சொந்தமில்லாத மாதிரி.

"அப்ப ஏன்க்கா வேண்டாம்னீங்க?" என்றாள் அந்தப் பெண். கோபமில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

"இங்க எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவோம். நீ திரும்பக் கேப்பேன்னு இருந்தோம். மருந்துக்கடை அண்ணனுக்கும் வேணும், எழுதிக்கோ. அவரு கடைக் கட்டடத்தை ஓனர் விக்கறாரு."

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாம்..." என்று மருந்துக்கடைக்காரர் பாதி எழுந்தார். எழுதப்போன அந்தப் பெண்ணின் விரல் நின்றுவிட்டது.

"உக்காருங்க அண்ணே," என்றாள் தையலக்கா. "புரை என் கண்ணுல இல்ல, உங்க நாக்குலதான்."

கொட்டகை சிரித்தது. அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி, தரையைப் பார்த்து, "எழுதிக்கம்மா" என்றார்.

சலூன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏழைகளுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்தால் என்று ஆரம்பித்தார். ஒன்றிரண்டு கைகள் காதைச் சொறிகிற மாதிரி உயர்ந்தன. சிலர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. திட்டக்காரப் பெண் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பென்சிலை எடுத்துச் சைக்கிள் ஸ்டாண்டின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். மறுநாள் மன்றத்துக்குப் படத்தோடு சேர்த்து இந்தத் திருத்தமும் போகும், ஆனால் சைக்கிளுக்கும் இடம் வேண்டும், அதனால் கடைகள் சின்னதாகத்தான் இருக்கும் என்றாள்.

கூட்டம் கலைந்தது. வெளியே போகிறவர்களில் யாரோ "வேணும் அக்கா" என்று சொல்வதும் அதற்கு யாரோ சிரிப்பதும் தையலக்காவுக்கு நன்றாகக் கேட்டது. முகம் சுண்டத்தான் செய்தது. ஆனாலும் நேராக மேஜைக்குப் போய் நின்றாள்.

"இதுல எதும்மா என்னோடது?"

"இதோ, மாடிப்படிக்குப் பக்கத்துல."

"ஜன்னலைக் காணோமே?"

"அந்தப் பக்கம் படிச்சுவர் வருதுக்கா. உடைக்க முடியாது. வேணும்னா முன்பக்கம் கதவுக்குப் பதிலா முழுக்கக் கண்ணாடி போடலாம், வெளிச்சம் வரும்."

"வேணும்."

"சரி."

"மிஷினுக்கு இடது பக்கம் ப்ளக் வேணும்."

"அண்ணி, போதும், மானம் போகுது, வாங்க," என்று நாத்தனார் முந்தானையை இழுத்தாள்.

"நீ போடி. நான் வரேன்." தையலக்கா மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். "ப்ளக் எழுதினியா? தரையில வேண்டாம்மா, கொஞ்சம் உயரத்துல. இந்த வேண்டாம் நிஜ வேண்டாம். எழுதிக்கோ."